ஏழையின் கட்சியும் செட்டியாரின் நிலமும்

யாங்கோன் நகரின் மேற்கில், சீனர் தெருக்களை ஒட்டி, ஆற்றங்கரையிலிருந்து வடக்கு நோக்கி நீள்கிறது லான்மடாவ். பர்மிய மொழியில் அந்தப் பெயருக்கு அரச பெருவீதி என்று பொருள். 1852இல் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்த பிறகு கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுப்பிய துறைமுக நகரத்தின் ஒரு பகுதி அது. அந்த நகரத்தில் மூட்டை இறக்கியவர்கள், நெல் ஆலைகளில் உழைத்தவர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள் எனப் பலரும் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தவர்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் 4,00,415 பேர் இருந்தார்கள். அவர்களில் 2,12,929 பேர் இந்தியர்கள். பர்மியர் தம் தலைநகரிலேயே சிறுபான்மையினராக இருந்தனர்.

பர்மாத் தமிழர்களின் கதையை நாம் வழக்கமாக 1942இலிருந்து சொல்வோம். ஜப்பானியக் குண்டுவீச்சு, அரக்கான் மலைவழி, காட்டில் விட்டுவந்த உறவுகள். இல்லையென்றால் 1964இலிருந்து சொல்வோம். கடைகள் நாட்டுடைமை, செல்லாத நோட்டு, சென்னைக்கு வந்த அகதிக் கப்பல். இரண்டுமே முடிவுகள். அவற்றுக்கு வழி திறந்த பேச்சு 1930களின் தேர்தல் மேடைகளில் உருவானது. ஆட்சியில் இல்லாத கட்சிகள் மக்களின் வயிற்றுப்பாட்டைப் பற்றி எப்படிப் பேசின, எந்தப் பேச்சு எடுபட்டது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அந்தக் கதையின் முதல் அத்தியாயம் கிடைக்கும்.

கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலம் அரை நூற்றாண்டுக்குள் உலகின் பெரிய நெற்களஞ்சியமானது. காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பர்மிய உழவர்கள். அதற்கான முதலைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். முகல் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. அங்கிருந்து கிளம்பிய பணம் ஐராவதிக் கழிமுகத்தின் சிற்றூர்கள்வரை போனது. 1929-30இல் நடந்த வங்கித்துறை விசாரணை, பர்மாவில் புழங்கிய செட்டியார் முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. நடவுக்குக் கடன் வாங்கியவனால் அறுவடையில் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமானம் முழுகியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் அது 25 சதவீதமானது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம். சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வட்டி அனுப்ப முடியாது. அந்த வகையில் அவர்களுடைய முதலும் முடங்கித்தான் போனது. ஆனால் காடு வெட்டிய உழவன் கண்டது ஒன்றைத்தான்: பத்திரத்தில் தன் பெயர் போய், கடலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊர்க்காரரின் பெயர் ஏறியிருந்தது.

நகரத்தில் வேறொரு மோதல் நடந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சரக்கேற்றும் நிறுவனங்கள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை அமர்த்தின. பிறகு பழைய கூலிகளோடு சமரசம் ஆனதும், புதிதாக வந்த பர்மியர்களைக் கைவிட்டன. மே 26 அன்று கலவரம் மூண்டது. சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். மலிவுக் கூலியால் லாபம் கண்ட நிறுவனங்கள் மோதலுக்கு வெளியே நின்றன. ஒரே வேலைக்கு நின்ற இரண்டு ஏழைக் கூட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. இரு கூட்டங்களையும் ஒரே மேடைக்கு அழைத்துப் பேசும் கட்சி அன்று பர்மாவில் இல்லை.

அன்றைய பர்மிய அரசியல் தலைவர்கள் பேசியது பெரும்பாலும் அரசியலமைப்பைப் பற்றி. இந்தியாவிலிருந்து பிரிவதா, கூடவே இருப்பதா என்பதே 1932 நவம்பர் தேர்தலின் கேள்வி. பிரிவினையை எதிர்த்தவர்கள் கூடுதல் இடங்களைப் பிடித்தார்கள்; பிறகு சட்டமன்றத்தில் தெளிவான முடிவு எடுக்க முடியாமல் தடுமாறினார்கள். வரியும் கடனும் வயலைத் தின்றுகொண்டிருந்த உழவனுக்கு அந்த விவாதம் வேறு உலகத்துச் செய்தி. அவனுடைய மொழியில் பேசியவர் சாயா சான். 1930 டிசம்பரில் தாராவாடியில் அவர் தொடங்கிய கிளர்ச்சியைப் பச்சை குத்திக்கொண்டு துப்பாக்கியை எதிர்த்த மூடநம்பிக்கை என்று ஆட்சியாளர்கள் எழுதிவைத்தார்கள். அதன் அடியில் இருந்தது தலைவரி. விலை பாதியாகியும் வரி குறையாத ஆண்டு அது. 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார். நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் பா மோ.

அந்த வழக்கில் கேட்டதை பா மோ அரசியலாக்கினார் என்று சொல்லலாம். 1936 தேர்தலுக்கு அவர் சின்யேத்தா என்ற கட்சியோடு வந்தார். சொல்லுக்கே ஏழை மனிதன் என்று பொருள். வரிக் குறைப்பும் குத்தகையாளருக்குப் பாதுகாப்பும் முன்னால் வந்தன; அரசியலமைப்பு பின்னால் போனது. பிரான்சில் முனைவர் பட்டம் பெற்று வந்த வழக்கறிஞர், கட்சியின் பெயரிலேயே தன் வாக்காளரைக் கூப்பிட்டார். 132 இடங்களில் சின்யேத்தாவுக்குக் கிடைத்தவை 16தான். பெரிய அணியான ஐந்து மலர்க் கூட்டணி 46 இடங்களைப் பிடித்தும் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. சிறுபான்மைப் பிரிவுகளின் ஆதரவைத் திரட்டி, 1937 ஏப்ரலில் பிரிந்த பர்மாவின் முதல் பிரதமரானார் பா மோ.

கட்சியின் பேச்சு சரியாக இருந்தது. கையில்தான் கருவி இல்லை. நாணயமும் நிதிக்கொள்கையும் ஆளுநரின் தனி அதிகாரத்தில் இருந்தன. நிலத்தை மீட்டுக் கொடுக்கப் பணம் வேண்டும். அமைச்சரவையைத் தாங்கிய கூட்டாளிகளுக்கு நிலச் சீர்திருத்தத்தில் உழவனின் அவசரம் இல்லை. நிலப் பிரச்சினையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குத்தகைச் சட்டம் 1939இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பா மோவின் அமைச்சரவை கவிழ்ந்துவிட்டது. ஏழையின் பெயரில் வந்த கட்சி, ஏழைக்குக் கையில் எதையும் கொடுக்குமுன் காலம் முடிந்தது.

அந்த இடைவெளியில் எளிய பேச்சு ஒன்று புகுந்தது. பா மோவின் போட்டியாளரான ஊ சோ, சூரியன் என்று பொருள்படும் துரியா நாளிதழைத் தன் கையில் வைத்திருந்தார். 1938இல் மியோச்சித் கட்சியையும் தொடங்கினார். அந்த ஜூலையில், பௌத்தத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட ஒரு புத்தகத்தை வைத்துப் பத்திரிகைகள் கொதித்தன. 26ஆம் தேதி ரங்கூனில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவியது. விசாரணைக் குழு பத்திரிகைகளைக் கண்டித்தது. கூடவே, உழவர்களின் நிலமிழப்பை அடியிலிருந்த காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். நிலம் போனது செட்டியார்களின் பெயருக்கு. அடி விழுந்தது பெரும்பாலும் முஸ்லிம் சிறுகடைக்காரர்கள் மீது. செட்டியாரின் பத்திரம் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருந்தது. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். பொருளாதாரத் துயரத்துக்குத் தீர்வைச் சொல்லாமல் ஆளைக் காட்டினால் கூட்டம் எளிதில் சேரும். சேர்ந்த கூட்டம் காட்டிய ஆளைத் தேடிப் போவதில்லை. அந்த ஆளைப்போல் தெரியும் அண்டை வீட்டுக்காரனிடம் போகிறது. 1930இல் தெலுங்குக் கூலி, 1938இல் முஸ்லிம் கடைக்காரர். 1942இல் நடந்தே கிளம்பிய லட்சக்கணக்கானோரில் வட்டிக்கடை வைத்திருந்தவர் எத்தனை பேர்? மிகச் சிலரே.

நம் பக்கத்திலும் கேட்கவேண்டிய கேள்வி உண்டு. செட்டியார் அமைப்புகள் ஒப்பந்தம், சட்டம், சொத்துரிமை என்ற மொழியில் பேசின. அது நீதிமன்றத்துக்கு உதவும் மொழி. கடனில் ஒரு பகுதியைத் தள்ளி நிலத்தைத் தவணையில் திருப்பித் தருகிறோம் என்ற பேச்சு காலத்தில் எழுந்திருந்தால், கூலிக்கும் கடைக்காரருக்கும் அது கவசமாக இருந்திருக்கலாம். 1948இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தபோது பேரம் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

பர்மாவின் அரிசி சென்னைக்கும் வந்துகொண்டிருந்தது என்பதால், இதே கேள்விக்குத் தமிழ்நாடு கொடுத்த விடையையும் பார்க்கலாம். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவின் அரிசி ஏற்றுமதி சரிந்தது. 1964 முதல், அந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் வந்திறங்கிய சென்னை, அரிசிக்கு வரிசையில் நின்ற சென்னை. எதிர்க்கட்சியான திமுக அதுவரை முன்வைத்த பொருளாதாரப் பேச்சு, வடக்கு வாழ்கிறது தெற்கு தேய்கிறது என்பது. அதிலும் ஓர் ஆளைக் காட்டும் விரல் இருந்தது. 1962இல் அக்கட்சி 50 இடங்களைப் பிடித்தாலும் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றார். அந்த ஆண்டே விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடத்திச் சிறை சென்றார். 1963இல் திராவிட நாடு கோரிக்கையைக் கட்சி கைவிட்டது.

1967 தேர்தலில் வந்தது, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி. மூன்று படி என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ. வடக்கத்தியான் என்ற ஆள் அந்த வரியில் இல்லை. படியும் ரூபாயும் இருந்தன. எந்த வீட்டுப் பெண்ணும் தன் அடுப்படியில் நின்று அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி. கனவையும் உறுதியையும் இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொன்னதில் ஒரு தந்திரமும் இருந்தது, ஒரு நேர்மையும் இருந்தது. இந்தி எதிர்ப்பின் சூடும் கூட்டணியும் சேர்ந்து திமுகவுக்கு 137 இடங்களைக் கொடுத்தன. பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடப்பட்டது. கருவூலம் தாங்காமல் அத்திட்டம் நின்றது. வாக்குறுதி முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் அது தோற்றபோது யாருடைய கடையும் எரியவில்லை. மலிவு அரிசி என்பது அரசின் கடமை என்ற எண்ணம் நிலைத்தது. பின்னால் வந்த எந்த ஆட்சியும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பர்மாவுக்குத் திரும்பினால், 1988 எழுச்சிக்கும் முன்னால் ஒரு சமையலறைத் துயரம் இருந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டு, மக்களின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. அந்தக் கோபத்தின் மேல் எழுந்த ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் பேசியதோ சுதந்திரம், அச்சமின்மை, சட்டத்தின் ஆட்சி. அவை மதிப்புள்ள சொற்கள். 1990இலும் 2015இலும் பெருவெற்றி பெறப் போதுமானவையாகவும் இருந்தன. ஆட்சிக்கு வந்தபின் 2016 ஜூலையில் 12 அம்சப் பொருளாதாரக் கொள்கை வெளியானது. அதில் நல்ல நோக்கங்கள் இருந்தன. வாக்காளர் அளந்து பார்க்க ஒரு படி இல்லை. இதற்கிடையில் முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிக்குகளின் பிரசாரம் 1938இன் குரலில் மறுபடி கேட்டது. 2015இல் லீக் ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. ஆள்காட்டும் பேச்சுக்குப் பதில் சொல்லப் பொருளாதாரப் பேச்சு கையில் இல்லாத கட்சி, மௌனத்தைத் தேர்ந்துகொண்டது. 2021 பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் கட்சியே தலைமறைவானது.

இதையெல்லாம் டொரண்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்து படிக்கும் நமக்கு இது பழங்கதை ஆகாது. வீட்டு வாடகையும் மளிகை விலையும் ஏறும்போதெல்லாம், நாம் வாழும் நாடுகளின் எதிர்க்கட்சிகளும் ஏழையின் பெயரைச் சொல்கின்றன. சில கட்சிகள் படியைக் காட்டுகின்றன: எத்தனை வீடு, எவ்வளவு வரி, யார் கட்டுவது. சில கட்சிகள் ஆளைக் காட்டுகின்றன: அண்மையில் வந்திறங்கியவன். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய நம்மில் சிலருக்கு இப்போது அந்த இரண்டாவது பேச்சும் இனிக்கத் தொடங்கியிருக்கிறது. நமக்கு வீடும் வாக்கும் கிடைத்துவிட்டன. அந்த விரல் வேறு யாரையோ காட்டுகிறது என்று தோன்றுகிறது.

ரங்கூன் முகல் தெருவிலும் அப்படித்தான் தோன்றியிருக்கும். துறைமுகத்தில் கூலிகள் அடிபட்டபோது அது கூலிகளின் சண்டை. எட்டு ஆண்டுகள் கழித்துக் கடைகள் எரிந்தபோது அது முஸ்லிம்களின் துயரம். கிட்டங்கிக் கதவை அந்தப் பேச்சு தட்டுவதற்கு 1930இலிருந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அடுத்த முறை ஒரு வேட்பாளர் நம் வாசலுக்கு வரும்போது, படி எங்கே என்று கேட்கலாம். பதிலுக்கு அவர் ஆளைக் காட்டினால், அந்தப் பட்டியலில் நம் முறை எப்போது என்பதையும் கேட்டுவிடலாம்.