கேஸ் மாறினால் வீட்டுக்கு யார் வரணும்?

லண்டனில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பழுதாகிப் போனால், புதுசு மாட்ட யாரைக் கூப்பிடுவீங்க? நம்ம ஊர் மாதிரி "தெரிஞ்ச பைப் பாஸ் ஒருத்தர் இருக்கிறார்" என்ற பதில் வராது. 'கேஸ் சேஃப்' என்ற பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். அவரிடம் ஓர் அட்டை இருக்கும். முன்பக்கத்தில் படம், இலக்கம், காலாவதித் திகதி. பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகைமை இருக்கிறது என்ற பட்டியல். அடுப்பு வேலைக்குத் தகைமை உள்ளவருக்குப் பாய்லரில் கை வைக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பவும் பரீட்சை. இப்போது அங்கே சில வீடுகளில் கேஸையே விட்டுவிட்டு மின்சார ஹீட் பம்புக்கு மாறுகிறார்கள். பழைய பாய்லரைக் கழற்றி, கேஸ் குழாயை அடைப்பதற்கும் அதே அட்டைக்காரர்தான் வர வேண்டும்.

மாத்தளையில் நமக்கு வீட்டைச் சூடாக்கும் வேலை இல்லை. ரிவர்ஸ்டன் பக்கம் குளிர்ந்தால் ஒரு போர்வை போதும். ஆனால் கேஸ் நம்ம குசினியிலும் இருக்கிறது. தம்புள்ளை சாப்பாட்டுக் கடைகளில், சீகிரியா விடுதிகளில், டவுனில் நாம் தங்கும் போர்டிங் அறைகளில் எல்லாம் இருக்கிறது. கடையிலிருந்து சிலிண்டரைத் தோளில் வைத்துக் கொண்டுவரும் தம்பியிடம் யாராவது அட்டை கேட்டிருக்கிறோமா? அவருக்கும் நமக்கும் அப்படி ஒரு யோசனையே வராது. ஏன் வராது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வாசனைக்குப் பின்னால்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த இடம். அங்கே பெரிய பள்ளிக்கூடம் ஒன்று கட்டினார்கள். கட்டடக் கலைஞர் ஒரு பாய்லர் வைத்து நீராவியால் சூடாக்கும் திட்டத்தைக் கொடுத்திருந்தார். நிர்வாக சபை அதை மாற்றி, கட்டடம் முழுக்க 72 கேஸ் ஹீட்டர்களை வைத்தது. 1937 தொடக்கத்தில் கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க இன்னொரு யோசனை வந்தது. எண்ணெய்க் கம்பனிகள் கழிவாக விடும் கேஸ் பக்கத்திலேயே ஒரு குழாயில் போனது. அதிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது. அது கசிந்து கட்டடத்துக்குக் கீழே தேங்கியதை ஒருவரும் உணரவில்லை. 1937 மார்ச் 18 அன்று ஒரு மின்கருவியின் தீப்பொறி போதுமாக இருந்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள்.

அதே வருடம் டெக்சாஸில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, கேஸில் கட்டாயம் வாசனை சேர்க்க வேண்டும். இன்று நம்ம சிலிண்டரிலிருந்து வரும், அழுகின கோவா மாதிரியான அந்த நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளுடையது. மற்றது, பதிவு செய்யாத யாரும் பொறியியலாளர் என்று சொல்லித் தொழில் செய்ய முடியாது. கேஸ் தன்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும், அதில் வேலை செய்கிறவர் தன் தகைமையைக் காட்ட வேண்டும் என்ற இரண்டும் ஒரே சாம்பலிலிருந்துதான் வந்தன.

ஒரு பித்தளை நட்

1968 மே 16, கிழக்கு லண்டன். ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். விடியற்காலையில் 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தார். வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். தீக்குச்சியைக் கிழித்தவர் உயிர் தப்பினார்.

விசாரணை அதிகம் பேசியது கட்டட அமைப்பின் பலவீனத்தைப் பற்றித்தான். ஆனால் கேஸ் கசிந்தது எங்கே என்று தேடினால் ஒரு சின்னப் பொருள் அகப்பட்டது: அடுப்பை கேஸ் குழாயோடு இணைக்கும் பித்தளை நட். தரக்குறைவான நட், வெடித்துப் போயிருந்தது. அடுப்பை மாட்டிக் கொடுத்தவர் அந்தப் பெண்ணின் தெரிந்தவர் ஒருவர். அவரை விசாரணை குற்றவாளியாக்கவில்லை.

1970இல் 'கோர்கி' என்ற பதிவேடு பிரித்தானியாவில் தொடங்கியது. விரும்பினால் சேரலாம் என்ற நிலை. 1972இல் கேஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. கூலிக்குக் கேஸ் வேலை செய்கிறவர் கட்டாயம் பதிய வேண்டும் என்றானது 1991இல்தான். ரோனன் பொயின்டிலிருந்து எண்ணினால் 23 வருடம். 2009 ஏப்ரல் 1 முதல் கோர்கியின் இடத்தில் கேஸ் சேஃப். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர், அங்குள்ள கேஸ் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒரு முறை பதிவுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். போர்டிங்கில் இருக்கிற நம்மில் எத்தனை பேர் அறையின் ஹோஸை மாற்றிய வருடத்தைச் சொல்வோம்?

நம்ம குசினிக்கு வந்த கதை

இலங்கையில் கேஸ் புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்புத் தெரு விளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. ஆனால் அது கொழும்பின் குழாய்களோடு நின்றது. மலைநாட்டுக்கு கேஸ் வந்தது சிலிண்டரில். 1995இல் கொழும்பு கேஸ் கம்பனியின் பெரும்பங்கை ஷெல் வாங்கியது. 2010இல் அரசாங்கம் திருப்பி வாங்க, அது லிட்ரோ ஆனது. இன்னொரு பக்கம் லாஃப்ஸ். சந்திக்கடை வரைக்கும் சிலிண்டர் வந்தது. லயத்து வீடுகளில் இன்றும் விறகுதான் முக்கியம். கேஸ் இருந்தாலும் பார்த்துப் பார்த்துப் பாவிப்பார்கள்.

குழாய் கேஸுக்கும் சிலிண்டர் கேஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டுக்குக் குழாய் போடுவதற்கு ஒரு தொழிலாளி கட்டாயம் வர வேண்டும். சிலிண்டருக்கு வேண்டாம். ரெகுலேட்டரை 'கிளிக்' என்று அழுத்தினால் முடிந்தது. அந்த முறையின் வசதியே அதுதான். ஆனால் அந்த வசதிக்குள் ஒரு பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறியது. தகைமை உள்ள ஒரு கை செய்ய வேண்டிய கடைசி இணைப்பை அம்மாமார்தான் செய்தார்கள், எந்தப் பயிற்சியும் இல்லாமல்.

2021

2021இன் கடைசி மாதங்களில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடிக்கத் தொடங்கின. தினமும் செய்தி. உயிரும் போனது. ஆரம்பத்தில் வந்த விளக்கங்கள் ஹோஸையும் ரெகுலேட்டரையும் அடுப்பையும் காட்டின. பழைய ஹோஸா? கிளிப் இறுக்கமா? சரியாக மூடினீங்களா? எல்லாக் கேள்வியும் குசினியில் நின்றவரைப் பார்த்துத்தான்.

நவம்பர் கடைசியில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். தலைவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே. டிசம்பரில் அந்தக் குழு சொன்ன முக்கிய காரணம், சிலிண்டருக்குள் இருந்த கேஸின் கலவை மாறியதுதான்.

அது ஏன் முக்கியம்? சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. நம்ம மாதிரி வெப்ப நாட்டில் முன்பு பெரும்பகுதி பியூட்டேன். 30 பாகை செல்சியஸில் பியூட்டேனின் ஆவியமுக்கம் 3 வளிமண்டலத்துக்கும் குறைவு. புரொப்பேனுடையது 10ஐத் தாண்டும். புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். இத்தனை வருடம் தாங்கிய வால்வும் ரெகுலேட்டரும் கசியலாம். கசிந்த கேஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதே டிசம்பரில், போதிய மெர்காப்டன் இல்லை என்று கப்பலில் வந்த கேஸை இறக்க நுகர்வோர் விவகார அதிகாரசபை மறுத்தது. 1937இல் டெக்சாஸ் படித்த பாடம் 2021இல் நம்ம துறைமுகத்தில் வந்து நின்றது.

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி எழும். கலவைதான் காரணம் என்றால், மாட்டுகிறவரிடம் அட்டை இருந்து என்ன பயன்?

அதற்குப் பதில் பிரித்தானியாவின் இன்னொரு கதையில் இருக்கிறது. அங்கேயும் ஒருமுறை கேஸ் மாறியது. நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸை விட்டுவிட்டு, வடகடலில் கிடைத்த இயற்கை வாயுவுக்குப் போனார்கள். பழைய அடுப்பின் பர்னர் புதுக் கேஸுக்குப் பொருந்தாது. அதனால் 1967 முதல் 1977 வரை பத்து வருடம், தெருத் தெருவாக, வீடு வீடாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் போனார்கள். 1 கோடி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், சுமார் 4 கோடி சாதனங்கள். ஒவ்வொன்றையும் மாற்றி அல்லது சரிசெய்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் தவறுகள் நடந்தன, புகார்கள் வந்தன. ஆனால் கேஸ் மாறினால் வீட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

நம்ம நாட்டில் கேஸ் மாறியபோது ஆள் வரவில்லை. ஒரு துண்டுப் பிரசுரமும் வரவில்லை. அனுப்புவதற்கு அப்படி ஒரு தொழிலாளர் கூட்டமே வீட்டுக்கும் கம்பனிக்கும் நடுவில் இருக்கவில்லை. ஊர் ஊராகப் பதிவுள்ள ஆட்கள் இருந்திருந்தால், "இந்த மாதம் கசிவு கூடுதலாக இருக்கு, ரெகுலேட்டர் தாங்குதில்லை" என்று முதலில் சொல்லியிருப்பது அவர்கள்தான். குசினியில் நிற்கிறவரின் பேச்சைக் கேட்காத இடங்களில் அவர்கள் பேச்சு எடுபட்டிருக்கும்.

2022 வந்ததும் இந்தக் கேள்வி வரிசையில் தொலைந்து போனது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு இருந்த லிட்ரோவின் 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. கேஸ் வெடிக்குமா என்ற பயம் போய், கேஸ் வருமா என்ற பயம் வந்தது.

நம்ம நாட்டில் தகைமைக்கான ஏணி ஏற்கனவே இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ, 7 மட்டங்கள் வரை போகிறது. ஏ.எல் முடித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கும் மாத்தளைப் பிள்ளைகளும் நிறையப் பேர். சிலிண்டர் தூக்கும் அந்தத் தம்பிக்கே பயிற்சியும், பின்பக்கம் எழுதிய ஓர் அட்டையும், அதற்கேற்ற கூலியும் கொடுக்கலாம். அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருதா என்று பாருங்க, நெருப்பு வைத்துப் பார்க்காதீங்க. நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், வால்வை மூடி, கதவைத் திறந்து வெளியே போங்க. போர்டிங் அக்காவிடம் ஹோஸ் எப்ப மாத்தினது என்று கேளுங்க.

கம்பனிகளிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது வேறு: அடுத்த முறை கேஸ் மாறினால், ரத்தொட்டையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் யார்?