நான்காம் அத்தியாயமா, மூன்றாம் அத்தியாயமா?

எர்ணாகுளம் பிராட்வேயின் நெரிசலான கடைவீதியை ஒட்டி நிற்கிறது புனித மரியாள் பசிலிக்கா. சீரோ-மலபார் திருச்சபையின் தலைமைப் பேராலயம் அது. 2022 நவம்பரில் அதையே மூடும்படி ஆயிற்று. பூசை முழுவதையும் குருவானவர் மக்களைப் பார்த்தே நிறைவேற்றுவதா, நடுப்பகுதியில் பீடத்தை நோக்கித் திரும்பிக்கொள்வதா என்பதுதான் தகராறு. திரும்பிக்கொள்ளச் சொன்னது ஆயர்களின் சினட். 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸே காணொளியில் தோன்றி, கிறிஸ்துமஸுக்குள் சினட் முறைக்கு வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்போதும் பலர் மசியவில்லை.

போப் தவறமாட்டார் என்று நம்புகிறவர்களா போப்பின் சொல்லை மீறுகிறார்கள்? வெளியாருக்கு இப்படித்தான் தோன்றும். ஆனால் போப்பின் வழுவா வரத்துக்கும் பூசை முறைக்கும் சம்பந்தமில்லை. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை, திருச்சபை முழுவதும் ஏற்றாக வேண்டும் என்று திருப்பீட அதிகாரத்தோடு அவர் அறுதியிட்டு அறிவிக்கும்போது மட்டுமே அது செல்லும். 1870இல் இந்த வரம் கோட்பாடாக அறிவிக்கப்பட்ட பிறகு அப்படி வெளிப்படையாக நடந்தது ஒரே முறை: 1950 நவம்பர் 1 அன்று பன்னிரண்டாம் பயஸ் மரியாளின் விண்ணேற்பை அறிவித்தபோது.

மலபாரைச் சுட்டது வேறொன்று. முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஜூலை 18 அன்று 533க்கு 2 என்ற வாக்கில் நிறைவேற்றிய சாசனத்தில் வழுவா வரம் நான்காம் அத்தியாயம். அதற்கு முந்தைய அத்தியாயம், எல்லா மறைமாவட்டங்களிலும் போப்புக்கு நேரடி ஆளுகை உண்டு என்கிறது. ஊர்ச் சண்டைகள் எல்லாம் இந்த மூன்றாம் அத்தியாயம் பேசும் கேள்வியின் வாரிசுகள். காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியில், 1653 ஜனவரி 3 அன்று, இயேசு சபையாருக்கு அடங்கமாட்டோம் என்று கூனன் குரிசு என்ற சிலுவையில் தோமா கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தபோதும் கேள்வி அதுதான்: நம்மை ஆள்வது யார்?

முதலாம் வத்திக்கான் சங்கத்தில் கீழைச் சபைகளின் உரிமைக்காக வாதாடியவர் கல்தேய முதுபெரும் தந்தை யோசேப்பு அவுதோ. 1872இல்தான் சங்கத்தின் தீர்மானத்தை ஏற்றார். ஏற்றவர் சும்மா இருந்தாரா? 1874இல் ரோமாபுரியின் சம்மதமின்றி ஆயர் மார் எலியாஸ் மெல்லூஸை மலபாருக்கு அனுப்பினார். திருச்சூரில் சபை இரண்டுபட்டது. திருச்சபை விலக்கம் வரும் என்று 1876இல் ஒன்பதாம் பயஸ் எச்சரிக்க, மறு ஆண்டு அவுதோ பணிந்தார். மெல்லூஸ் 1882இல் ஊர் திரும்பி, பின்னர் ரோமாபுரியோடு சமாதானமும் ஆகிவிட்டார். அவரை நம்பிப் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் திரும்பவே இல்லை. திருச்சூர் மார்த் மரியம் பெரிய பள்ளி இன்றும் அவர்கள் வசம், அசீரியக் கீழைத் திருச்சபையின் பேராலயமாக இருக்கிறது.