ஆங்கிலத்தின் அன்றாட வினைச்சொற்கள்

ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் வினைச்சொற்கள் சின்னஞ்சிறியவை: பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம், சீ. கெட், டேக் இரண்டும் வைக்கிங் குடியேறிகளின் பழைய நார்ஸ் மொழி தந்தவை. மற்றவை பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை.

இந்தப் பத்தும் இறந்தகாலத்தில் பொது விதிக்கு அடங்காதவை. நாள்தோறும் வாயில் வருவதால் பழைய வடிவம் மறக்கப்படாமல் நிலைத்துவிட்டது. அரிதாக வழங்கிய வினைகளோ காலப்போக்கில் 'எட்' விகுதிக்கு மாறின. பழைய ஆங்கிலத்தின் விதிவிலக்கான வினைகள் 177 பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அப்படியே இருப்பதாகக் கண்டது. 'கோ'வின் இறந்தகாலமான 'வென்ட்', 'வெண்ட்' என்ற வேறொரு வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

சொல் சிறிதானாலும் பொருள் மிக விரிவு. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்குரியது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' 600க்கும் மேற்பட்ட பொருள்களோடு அதை முந்தியது. சட்டை போடுவது, சண்டை போடுவது, ஊசி போடுவது என்று தமிழில் 'போடு' விரிவதைப் போன்றதே இது. இப்படி ஒரே வினை பல பொருள் தருவதால் சில வினைகளே போதும் என்பதற்கு, மொழியறிஞர் சி. கே. ஆக்டன் 1930இல் வகுத்த எளிய ஆங்கில வடிவமான 'பேசிக் இங்கிலிஷ்' ஓர் எடுத்துக்காட்டு; அது 850 சொற்களைக் கொண்டது. அதில் வினைகள் 18 மட்டுமே.

பொருளை மாற்றுவதில் பின்னால் வரும் சிறு சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 'புட் ஆன்' என்றால் உடுத்து, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் தீயை அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'புட்' என்பதன் பொருள் மட்டும் தெரிந்தவருக்கு இவை எளிதில் பிடிபடா.

தமிழர் அதிகம் தடுமாறுவது, தமிழில் ஒரே வினை நிற்கும் இடத்தில் ஆங்கிலம் இரண்டு மூன்றைக் கேட்கும்போதுதான். 'பார்' என்பதற்கு, தானாகக் கண்ணில் பட்டால் சீ, வேண்டுமென்று கண்ணைத் திருப்பினால் லுக், நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச். 'சொல்' என்பதற்கு சே, டெல் இரண்டும் உண்டு. 'டெல் மீ' சரி. 'சே மீ' தவறு, 'சே டு மீ' என்றே வரவேண்டும்.

'முடி வெட்டிக்கொண்டேன்' என்பது இன்னும் நுட்பமானது. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலைத் தானே எடுத்து வெட்டிக்கொண்டதாகவே பொதுவாகப் பொருள்படும். சலூனில் வெட்டிக்கொண்டவர் 'ஐ காட் மை ஹேர் கட்' என்பார். பிறரைக் கொண்டு செய்வித்ததை அந்த 'காட்' காட்டுகிறது; கடிகாரம் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் இதே அமைப்புத்தான்.

ஆகவே கற்பவர்கள் 'கெட் என்றால் பெறு' என்று ஒற்றைப் பொருளை மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வினையையும் முழு வாக்கியமாக எழுதிப் பழகுவது நல்லது.