கழுகுகளைக் கொன்ற மாட்டு ஊசி

மாடு செத்தால் ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வட இந்தியக் கிராமங்களில் காலங்காலமாக இருந்த வழக்கம். தோலை உரித்தவர்கள் போனதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்கும். கொஞ்ச நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். பாறு என்றும் பெயர் கொண்ட இந்தப் பறவைகள் 1990களில் கொத்துக்கொத்தாகச் சாக ஆரம்பித்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 சதவீதம் அழிந்துபோனது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்!

ராஜஸ்தானின் பரத்பூர் பூங்காவில் இந்தச் சரிவை முதலில் கவனித்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ஏதோ புதிய வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்கே லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதாவது சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. கிருமி இல்லை, பூச்சிமருந்து இல்லை, ஈயம் போன்ற உலோகமும் இல்லை. அப்படியானால் அந்தப் பறவை தின்ற மாட்டுக்குள் என்ன இருந்தது? கேள்வி இப்படித் திரும்பிய பிறகுதான் டைக்ளோஃபெனாக் அகப்பட்டது. மனிதருக்கு மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே மருந்து, மலிவு விலையில் மாட்டுக்கும் ஊசியாகப் போடப்பட்டு வந்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25லும் மருந்தின் எச்சம். வேறு காரணத்தால் செத்த 13ல் ஒன்றில்கூட இல்லை. 2004ல் இது 'நேச்சர்' இதழில் வெளியானது.

இதில் பயங்கரமானது அளவுதான். செத்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டார்கள். ஒரே பிணத்தை ஒரு பெரிய கூட்டமே பகிர்ந்து தின்னுமல்லவா?

2006ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்றும் இருந்தது. ஆனாலும் மனிதருக்கென்று விற்ற பெரிய பாட்டில் மாட்டுத் தொழுவத்துக்கே போய்ச் சேர்ந்தது. பாட்டிலை 3 மில்லிக்குச் சுருக்க 2015 வரை ஆனது, இது வேண்டாத தாமதம்தான். மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது 2023ல்.

இதற்கிடையில் கழுகு தின்னாத பிணங்களைத் தெருநாய்கள் தின்று பெருகின, வெறிநாய்க்கடி பயமும் கூடவே வந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.