கண்ணகி நகரின் சுவர்களும் பெயரும்

பல்லாவரம் ரேடியல் சாலை பெரிய ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் வெட்டிக்கொண்டு துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைத் தொடுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கண்ணகி நகர்.

ஐ.டி. நிறுவனங்களுக்காக ஓ.எம்.ஆர். வளர்ந்த அதே காலத்தில்தான், 2000 முதல், ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தவர்களைக் குடிசை மாற்று வாரியம் இங்கே கொண்டுவந்து இறக்கியது. 15,000-க்கும் அதிகமான வீடுகள். பெரும்பகுதி தலித் மக்கள். நகரத்துக்குள் இருந்த வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி எதுவும் அவர்களோடு லாரியில் ஏறி வரவில்லை.

2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ், மாநகராட்சி ஆகியவை சேர்ந்து அந்தக் குடியிருப்புகளின் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைத் தீட்டவைத்தன. ஓவியங்கள் அழகுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. படமெடுக்க ஆட்கள் வந்தார்கள். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும் இளைஞர்கள் முகவரியில் துரைப்பாக்கம் என்றே எழுதிவந்தார்கள். கண்ணகி நகர் என்றால் வேலை கிடைக்காது.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீக்கவேண்டிய சொல்தான். ஆனால் தோழர்களே, 'கண்ணகி நகர்' என்ற பெயரில் சாதியே இல்லை. சிலப்பதிகாரத்திலிருந்து எடுத்த பெயர். அதன் மேலும் இழிவு வந்து ஒட்டிக்கொண்டது எப்படி? ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய ஏற்பாட்டை அரசே அடுக்குமாடியாகக் கட்டியதால்தான்.

அதே ஆண்டு அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவர் கார்த்திகா. ஊர் அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அழைக்கிறது.