ரேந்தை தந்த விடுதலை

சட்டையின் கழுத்தோரத்திலும் தலையணை உறையின் விளிம்பிலும் வைத்துத் தைக்கும் துளைப் பின்னலை நம் வீட்டுப் பெண்கள் ‘ரேந்தை’ என்பர். தமிழகத்தாரிடம் இச்சொல்லைச் சொன்னாற் பெரும்பாலும் விளங்காது. அவர்களுக்கு அது ‘லேஸ்’. ரேந்தை தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கேயரின் ‘ரெந்தா’ நம் நாவிற் புகுந்து நம்முடையதாகிவிட்டது. கதிரை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி, அலவாங்கு ஆகியனவும் அதே கப்பலில் வந்திறங்கியவையே. 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயர் 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தனர். கோட்டை அவர்கள் கையில் இருந்தது பத்தே ஆண்டுகள். அவர்களுடைய சொற்களோ இன்றும் நம் அடுப்படி வரை புழங்குகின்றன.

சொல் நம்மிடம் தங்கியது. தொழில் தென்கரையிலே தங்கியது. காலி, வெலிகம முதலிய ஊர்களில் இன்றும் சிங்களப் பெண்கள் ‘பீரளு’ என்னும் ரேந்தையைப் பின்னுகின்றனர். பீரளு என்பது நூல் சுற்றிய சிறு மரக்குச்சி. போர்த்துக்கேய மொழியில் அக்குச்சிக்குப் ‘பில்ரோ’ என்று பெயர். அதன் திரிபே பீரளு என்பர். கரையோரச் சிங்களப் பெண்கள் முன்னாளில் அணிந்த ‘கபாகுருத்து’ என்னும் வெண்ணிறச் சட்டைக்கு அழகு செய்தது இந்தப் பின்னலே.

எம்மவருட் சிலர், எந்தக் கலையைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “இது சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது” என்று முடித்துவிடுவர். பொருநராற்றுப்படை பாம்பின் சட்டையை ஒத்த நுண்ணிய ஆடையைப் பேசுவது உண்மையே. ஆயின் அது நெசவு. ரேந்தை நெசவன்று. நெசவாளன் தறியிலே பாவை இழுத்துக் கட்டி, அதன் ஊடே ஊடையைச் செலுத்தி, இடைவெளி தெரியாதபடி இழைகளை நெருக்குகின்றான். ரேந்தைக்காரிக்குத் தறியுமில்லை, அடித்துணியுமில்லை. அவள் இடைவெளியையே வேண்டி நிற்பவள். வெறும் காற்றைச் சுற்றி நூலால் எல்லை கட்டுகிறாள். எவ்விடத்தில் துளை, எவ்விடத்தில் இழை என்ற கணக்கே அவள் கலை.

பீரளு வேலையைச் சற்று விரித்துரைப்போம். இறுகத் திணித்த ஒரு திண்டின்மேல், கோலம் வரைந்து துளையிட்ட கடதாசியைப் பதிக்கின்றனர். குச்சிகள் சோடி சோடியாகத் தொங்கும். சிறு கரைக்குச் சில சோடிகள் போதும். அகன்ற வேலைக்கு அவை பலவாகப் பெருகும். இரு சோடிகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றைத் தாண்டவிடுதல், பின்பு முறுக்குதல்: செய்கைகள் இவ்விரண்டே. தாண்டலும் முறுக்கலும் கூடிய இடத்தில் ஒரு குண்டூசியை நட்டால் அந்தப் பின்னல் குலையாது நிற்கும். இவ்வாறு ஊசி ஊசியாக முன்னேற வேண்டும். நாள் முழுவதும் குனிந்திருந்தாலும் மெல்லிய வேலையில் விரற்கடைக் கணக்கிலேதான் பின்னல் வளரும். குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் ‘கடகட’ ஒலியைக் கொண்டே கைப்பழக்கத்தை அறியலாம் என்பர்.

வயலும் வாவியும் சூழ்ந்த சித்தாண்டியில் வாழும் நமக்கு இது முற்றிலும் அந்நியமான வித்தையன்று. வீச்சுவலை முடிபவரும் துளையைத்தான் அளந்து முடிகிறார். அவருக்கு முடிச்சு உண்டு, பீரளுக்காரிக்கு முடிச்சில்லை, அவ்வளவே வேற்றுமை. பன்பாய் இழைப்பவரும், கிடுகு பின்னுபவரும், பிள்ளைக்குச் சடை பின்னிவிடும் தாயும் தாண்டலையும் முறுக்கலையும் நன்கறிவர்.

இனி இக்கலை பிறந்த இடம். பதினாறாம் நூற்றாண்டில், இத்தாலியின் வெனிசு நகரில் ஊசியாற் பின்னும் ரேந்தையும், பிளாந்தர் நாட்டிற் குச்சியாற் பின்னும் ரேந்தையும் பெருஞ்சிறப்படைந்தன. அரசரும் ஆயரும் பிரபுக்களும் அதற்குப் பொன்னை வாரி இறைத்தனர். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், தம் நாட்டுப் பணம் வெனிசுக்குப் போகிறதே என்று வருந்தி, 1665இல் அரச ஆதரவோடு ரேந்தைத் தொழிலை நிறுவினார். பின்னர் 1809இல் ஜோன் ஹீத்கோட் என்னும் ஆங்கிலேயர் வலைப்பின்னல் செய்யும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1816இல் இலப்பரோ நகரில் இருந்த அவர் ஆலைக்குள் தொழிலாளர் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். உடைத்தும் பயனில்லை; இங்கிலாந்தின் கைப்பின்னல் நாளடைவில் நலிந்தது.

அங்கே நலியத் தொடங்கிய கலை ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ் மண்ணில் வேரூன்றியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கதையே.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ள்ஸ் மோல்ட் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோயிலுக்கு வந்தனர். அவ்வூர் அந்நாளிலே திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியதோடு, 1820களின் தொடக்கத்தில் அவர்களுக்கு ரேந்தை பின்னவும் கற்பித்தார். தென்னிந்தியாவில் ரேந்தைத் தொழிலின் தொடக்கம் இதுவே எனலாம். விற்ற பணம் பள்ளிக்கும் பின்னியவர்க்கும் பயன்பட்டது.

பின்னியவர் யார்? திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. நிலத்தோடு மனிதரும் விற்கப்பட்டனர். அம்மையாரிடம் கற்றவருள் அடிமைப் பெண்களும் இருந்தனர். அவர்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர்! திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது 1855ஆம் ஆண்டில். அரசனின் ஆணைக்குக் காத்திராமல், விரலிடையில் ஓடிய நூலால் விலங்கறுத்த அப்பெண்களின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை. மோல்ட் அம்மையாரின் பெயரை நூல்கள் சொல்கின்றன.

இன்னுமொன்று கூறவேண்டும். அதே நாட்டில், அதே காலத்தில், நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேற்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்தல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. மிஷன் பெண்மணிகள் அவர்களுக்கெனக் குப்பாயம் என்னும் சட்டையை வகுத்துக் கொடுத்தனர். அதனையும் தோட்சீலையையும் அணிந்த பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டனர், சீலைகள் கிழிக்கப்பட்டன. 1822இல் மூண்ட கலகம் பலமுறை தணிந்தும் எழுந்தும், 1858இன் இறுதியில் மீண்டும் பெருந்தீயாயிற்று. சென்னை ஆளுநர் திரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின், 1859 ஜூலையிலே திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என ஆணையிட்டார். அப்போதும், மேற்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற தடை நீங்கவில்லை. வெள்ளைக்காரச் சீமாட்டியின் கழுத்துப்பட்டிக்குப் பூப்பின்னிக் கொடுத்த நாட்டிலே, தன் தோளுக்கு ஒரு முழத் துணி கேட்டவள் அடிபட்டாள். ஆடையலங்காரத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த முழத்தையும் அளந்து எழுதல் வேண்டும்.

“மிஷன் பள்ளியிற் படித்த பிள்ளைகள் மிஷனைப் புகழ்கிறார்கள்” என்று நம் பெரியோர் எண்ணவேண்டா. மதமாற்றம் அப்பள்ளிகளின் நோக்கங்களுள் ஒன்று என்பதை யாவரும் அறிவர், நாமும் மறைக்கவில்லை. அதே தென் திருவிதாங்கூரில், நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்ததையும் சொல்லவேண்டும். நாகர்கோயிலுக்கு அண்மையிலுள்ள சாமிதோப்பில் ஐயா வைகுண்டர், தாழ்த்தப்பட்டோரைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடச் செய்தார். அதற்காக மன்னரின் சிறையையும் கண்டார். 1851இல் மறைந்த அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. ஒரு பக்கம் ரேந்தையும் குப்பாயமும், மறுபக்கம் தலைப்பாகை, இரண்டும் துணிதான். வேறு யார் எதிர்த்து நின்றனர் என்று கேட்டால், கோயிலுக்கும் குளத்துக்கும் தாமே காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள் எதிர்த்தனர் என்ற விடையே வரும். இந்து இளைஞராகிய நமக்கு அது இனிக்கும் விடையன்று.

மோல்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1822இல் நாகர்கோயிலிற் பிறந்து தமிழிலேயே ஓடியாடி வளர்ந்தவர். 1844இல் அவரை மணந்தவர் கால்டுவெல் ஐயர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே கால்டுவெல்தான். எலைசா தாயிடம் கற்ற ரேந்தையைத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். கணவர் சொற்களின் வேரைத் தேடிய வீட்டில் மனைவி நூலுக்குக் கோலம் வரைந்தார். ஐயரின் நூலைப் பல்கலைக்கழகத்தில் நாம் பெயர் சொல்லிப் படிக்கிறோம். அம்மையாரின் தொழிலைப்பற்றி ஒரு விரிவுரையிலும் நாம் கேட்டதில்லை.

எனினும், ரேந்தை சென்ற இடமெல்லாம் விலங்கு அறுந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே இத்தொழில் பரவியது. அங்கே பின்னுவது கொக்கி ஊசியால். மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் அப்பெண்களைப்பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள்; இன்னொருத்தி பூக்களை இணைப்பாள்; முகவர் வீடு வீடாகச் சென்று சேகரிப்பார்; ஏற்றுமதியாளர் கடல் கடந்து விற்பார். நாள்தோறும் பல மணிநேரம் உழைத்த பெண்களின் பெயர் ‘வீட்டிலிருப்பவர்’. அவர்கள் செய்ததன் பெயர் ‘ஓய்வுநேர வேலை’. தொழிலாளி என்ற பெயரில்லாதவளுக்குத் தொழிலாளியின் கூலியும் இல்லை. நரசாப்பூர் ரேந்தைக்கு 2024இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது ஊரின் பெயருக்குக் காப்பு உண்டு.

நம் ஊரிலும் பன்பாய் இழைப்பவரைக் கேட்டால், “சும்மா இருக்கிற நேரத்தில் செய்யிறதுதானே” என்பார். பன் வெட்டி, காயவைத்து, சாயமிட்டு, இழைத்து முடிக்கும் வரை அவர் சும்மா இருந்த நேரம் எது என்று நமக்கு விளங்கவில்லை.

ஆடைக்கு விளிம்பும் தொங்கலும் வைத்து அழகு செய்யும் கலை நம்மிடம் செழித்த இடம் கூத்துக்களரி. வடமோடிக் கூத்தில் அரச பாத்திரங்கள் அணியும் கரப்பு உடுப்பை அறியாதார் யார்? மீன்பிடிக்கும் கரப்பைப்போல் விரிந்து நிற்கும் வளையங்களைக் கட்டி, அவற்றின்மேல் வண்ணத் துணி போர்த்து, சரிகையும் கண்ணாடித் துண்டும் குஞ்சமும் வைத்துத் தைப்பர். ஆட்டக்காரர் சுழலும்போது அடுக்குகள் குடைபோல் விரியும்; விளக்கொளியிற் கண்ணாடி மின்னும். 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, படித்தவர் கண்கள் நம் கூத்தின்பால் திரும்பின. ஆட்டமும் தாளமும் பாட்டும் ஆராயப்பட்டன. அண்ணாவிமாரின் பெயர்கள் ஏட்டில் ஏறின. உடுப்புத் தைத்தவர்க்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. இப்போது கடையிலே கஜக்கணக்கில் விற்கும் இயந்திர ரேந்தையைப் பொன்னிறத்தில் வாங்கி ஒட்டிவிடுகிறோம். ஒரே இரவில் உடுப்பு ஆயத்தம்! பழைய உடுப்பை மடியில் வைத்துக் குஞ்சம் கட்டியவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர்; எல்லோரும் முதியவர்கள்.

அடுத்த கூத்துப் பழக்கம் தொடங்குமுன், நம் சங்கத்து இளைஞர் இருவர் மூவராக அவர்கள் வீடுகளுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். வளையத்துக்கு எந்தப் பிரம்பு, குஞ்சத்துக்கு எந்த நூல், ஓர் உடுப்புக்கு எத்தனை நாள், என்ன கூலி கிடைத்தது என்று கேட்டு எழுதுவோம். பழைய உடுப்பின் துண்டுகள் பெட்டியிற் கிடந்தால் எறிந்துவிடாமல் நமக்குக் காட்டும்படி பெரியோரை வேண்டுகிறோம். வருகின்ற மலரில் அப்பெயர்களுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கித்தர ஆசிரியர் குழுவினரையும் இப்பொழுதே கேட்டுவைக்கிறோம்.