தங்கவயலின் பங்குகளும் லண்டன் பத்திரிகையும்

கோலார் தங்கவயலின் குற்ற வரலாறு பெரும்பாலும் தொழிலாளியின் மடியைச் சோதித்தே எழுதப்பட்டிருக்கிறது. சுரங்கத்திலிருந்து மேலேறி வருபவரைத் தடவிப் பார்த்தார்கள். மைசூர் அரசு அதற்கெனச் சட்டமும் இயற்றியது. 1930-இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் தென்னிந்தியத் தங்கத்தின் பெயரால் இதைவிடப் பன்மடங்கு பெரிய பணம் லண்டனில் கைமாறியது. அதை முறையாக விசாரிக்கும் பத்திரிகை ஏன் உருவாகவில்லை? பத்திரிகையாளரின் துணிவைவிட, அவருக்குப் படியளந்தவர் யார் என்பதில்தான் விடை இருப்பதாகக் கருதுகிறேன்.

1880-ஐ ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வயநாட்டில் தங்கம் எடுப்பதாகச் சொல்லி 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் லண்டனில் தொடங்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட மூலதனம் ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டு. காபித் தோட்டங்களை அநியாய விலைக்கு விற்றவர்கள் பணம் பார்த்தார்கள். பங்கு வாங்கியவர்கள் இழந்தார்கள். கோலாரில் தங்கம் எடுக்க 1880-இல் தொடங்கிய மைசூர் நிறுவனமும் மூன்றே ஆண்டுகளில் மூடும் நிலைக்கு வந்தது. எஞ்சிய பணத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்று சுரங்கப் பொறியியல் நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வற்புறுத்திய பிறகே சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவு கைக்கு எட்டியது. பத்திரிகைகள் அன்றே சந்தேகம் கிளப்பியிருந்தால் தங்கவயலே பிறந்திருக்காது என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். ஆனால் கோலாரைக் காப்பாற்றியது நிலத்தடிப் பாறை, பங்கு விற்பனை அறிக்கையின் வாக்குறுதி அல்ல. அத்தகைய வாக்குறுதிகள் வயநாட்டுக்கும் தரப்பட்டன. இரண்டையும் பிரித்தறியும் தகவல் பங்கு வாங்கிய எளியவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் ஹாரி மார்க்ஸ் 1884-இல் 'ஃபைனான்ஷியல் நியூஸ்' இதழைத் தொடங்கினார். 1886 முதல் லண்டன் மாநகரப் பணிகள் வாரியத்தின் நில குத்தகை ஊழலை அவர் அம்பலப்படுத்தினார். அரச விசாரணைக் குழு அமைந்தது. 1889-இல் வாரியத்தின் இடத்துக்கு லண்டன் கவுண்டி கவுன்சில் வந்தது. புலனாய்வு இதழியலின் உண்மையான சாதனை இது, அதைக் குறைத்துச் சொல்வது அநீதி. அதே மார்க்ஸ்தான், தனக்கிருந்த தொடர்பை மறைத்து, டிரான்ஸ்வால் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றைத் தன் இதழிலேயே புகழ்ந்து பங்குகளை விற்க வழிசெய்தார். இதைத் துண்டுப்பிரசுரத்தில் எழுதிய பட்டர்ஃபீல்டு மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கு 1890-இல் தோற்றது. தனிமனிதரின் சறுக்கல் என்று இதை ஒதுக்க முடியாது. நிறுவனம் தொடங்குவோரின் விளம்பரங்களில்தான் அன்றைய நிதி இதழ்கள் பிழைத்தன. வாரியம் விளம்பரம் தருவதில்லை, சுரங்கம் தந்தது. தோற்ற பிறகும் மார்க்ஸ் ஆசிரியராகவே நீடித்தார். 1895-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

விளம்பரதாரரின் இந்தப் பிடிக்கு வெளியே இருந்த பத்திரிகை தங்கவயலிலேயே இருந்தது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை அப்பாதுரையார் 1926-இல் அங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சாதிக்கு எதிராக அச்சமின்றி எழுதிய இதழ் அது. ஆனால் சுரங்க நிறுவனங்களின் தலைமையும் பங்குதாரர் கூட்டமும் கடலுக்கு அப்பால் இருந்தன. எனவே சார்பின்மை மட்டும் போதாது. கணக்கை எட்டும் வழியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிற்கால உதாரணம் ஒன்று உண்டு. 23 ஏப்ரல் 1992 அன்று பத்திரிகையாளர் சுசேதா தலால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் பாரத ஸ்டேட் வங்கியின் 500 கோடி ரூபாய்ப் பற்றாக்குறையை வெளியிட்டார். கணக்கு விவரம் அவர் கைக்கு எட்டியிருந்தது. அதை அச்சிட்ட நாளிதழின் பிழைப்பும் அந்த ஊழலின் மையத்தில் இருந்த பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் தயவில் இல்லை.